ராஜராஜன் யார்?

கேள்வி: தொடக்கப் பள்ளியில் வரலாறு, சமூக அறிவியலுக்கெல்லாம் தேர்வு வேண்டாம் என்று ஏதோ கூட்டத்தில் பேசினீர்களாமே? தேர்வு இல்லையென்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? ராஜராஜன் யார் என்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டை

பதில்: ராஜராஜனைப் பற்றிக் கவலையே படாதீர்கள் சார். அவருடைய பிறந்தநாளான ஐப்பசிச் சதயத்துக்குத் தஞ்சாவூர் போய்ப் பாருங்கள். சுவரெல்லாம் அவர்தான். ஒரு சங்கத்தின் சுவரொட்டியில் ‘எங்கள் குலத் தோன்றல்’ என்று முறுக்கு மீசையோடு நிற்பார். பத்தடி தள்ளி இன்னொரு சங்கம்: அதே ராஜராஜன், வேறு மீசை, வேறு குலம். மூன்றாவது சங்கத்துக்கு வரைய ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, சினிமா நடிகர் ஒருவரின் படத்தையே போட்டுவிட்டார்கள். ராஜராஜன் யார் என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ‘எங்க ஆளு’ என்று எல்லோருக்குமே தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் பள்ளியில் ‘தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டியவர் ______’ என்ற கோடிட்ட இடத்தைப் பிழையில்லாமல் நிரப்பி ஒரு மதிப்பெண் வாங்கியவர்கள்தான்.

அப்புறம், தேர்வே வேண்டாம் என்று நான் பேசவில்லை. இப்படிக் கேட்காதீர்கள் என்றேன். 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்ததே, நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வந்த அட்டவணையில் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மூன்றுதான். தேர்வு வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அவ்வளவு மல்லுக்கட்டினார்களே, சமூக அறிவியலைக் காணோமே என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அதே மூன்று பாடங்கள். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடுப்பது நியாயம்தான். ஆனால் வரலாற்றின் கதியைப் பாருங்கள்: தேர்வில் இருந்தால் கோடிட்ட இடம், இல்லாவிட்டால் அந்தப் பாடவேளையில் கணக்கு.

ராஜராஜனை விடுங்கள், அவருடைய கொள்ளுத்தாத்தா முதலாம் பராந்தகனுக்கு வருகிறேன். ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அவர் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ‘குடவோலை முறை பற்றிக் கூறும் கல்வெட்டு எது?’ என்று கேட்பார்கள், ‘உத்திரமேரூர்’ என்று எழுதுவார்கள், முடிந்தது கதை. அந்தக் கல்வெட்டுக்குள்ளேயே ஒரு குழந்தை இருப்பது எந்தக் குழந்தைக்காவது தெரியுமா? ஊர் முப்பது குடும்பாக, அதாவது இந்தக் கால வார்டு மாதிரி, பிரிந்திருக்கிறது. குடும்புக்குக் குடும்பு பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் போடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் பிரித்துப் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தர் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் விரிக்க வேண்டும்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் பிட் அடித்த பயல் முதலில் கை தூக்குவான்.

சரி, யார் பெயரை எழுதலாம்? கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் நடுவே. வேதம் கற்றிருக்க வேண்டும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவுக்காரர்களுக்கும் இடமில்லை (நம் ஊராட்சித் தலைவர்கள் யாராவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை). பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை, பிரமதேயச் சபை அது. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை முழங்கும் நண்பர்கள் இந்தத் தகுதிப் பட்டியலை மட்டும் வாசிப்பதில்லை. சுட்டிக்காட்டினால் என்னைத் தமிழ் விரோதி என்கிறார்கள். ஏழெட்டு வருஷமாக நடக்கும் சண்டை, அது கிடக்கட்டும்.

‘உன் வீட்டில் யார் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்? போகாதென்றால் ஏன்?’ என்று கேளுங்கள். இதுவும் தேர்வுதான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும், பாட்டியிடம் கேட்டும் எழுதட்டும். ஒரே தொல்லை, இதற்கு விடைக்குறிப்பு போட முடியாது. நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக எழுதுவார்கள், அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துக் கட்டி மேய்க்கிற பள்ளியில் அது லேசில்லை. அங்கே ஆசிரியரைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும், கோடிட்ட இடத்தைக் கொடுங்கள் என்று அல்ல.

நம் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தை உண்மையில் கரைத்துக் குடிப்பவர்கள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் முப்பது வயதுக்காரர்கள். பழைய புத்தகக் கடையில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினால் பெயருக்குப் பச்சை, ஆண்டுக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருக்கும். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். நம் இதழில் வந்துகொண்டிருந்த ‘பொது அறிவு 20’ பக்கத்தை நான் நிறுத்தியதைக் கண்டித்து இன்னமும் கடிதங்கள் வருகின்றன. வரட்டும். பக்கம் வராது.