கிணற்றில் மீன் மாதிரி நீந்தினேன், குளத்தில் ஏன் திணறுகிறேன்?

கேள்வி: எனக்கு 43 வயது. தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி இறக்கிவிட்டார். ஒரே கோடை லீவில் நீச்சல் வந்துவிட்டது. அண்ணன்களுக்குச் சமமாக மேட்டிலிருந்து குதிப்பேன். பெரியவளானதும் கிணற்றுப் பக்கமே விடவில்லை. சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால், முப்பது வருஷம் கழித்து, கோவையில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்தில் சேர்ந்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. 25 மீட்டரை ஒரு தடவைகூட முழுசாகக் கடக்க முடியவில்லை. பாதியிலேயே மூச்சு வாங்கிக் கயிற்றைப் பிடிக்கிறேன். இதயத்தில் கோளாறாக இருக்குமோ? தோள் வேறு வலிக்கிறது, எடையும் குறையவில்லை, முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: விட வேண்டாம். ஆனால் இதய பயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். 43 வயது, பார்டர் சுகர், முப்பது வருஷ இடைவெளி. நீங்கள் சேருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி பிரஷர், இ.சி.ஜி. பார்த்திருக்க வேண்டும். இந்த வாரமே பார்த்துவிடுங்கள். நின்று ஓய்வெடுத்தால் இரண்டு நிமிடத்தில் அடங்கும் மூச்சிரைப்பு பெரும்பாலும் பழக்கமின்மைதான். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்று ஏதாவது வந்தால் அது வேறு கதை. உடனே கரையேறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, கிணற்றுக்கு வருவோம். உங்கள் கிணறு நாற்பது அடி அகலம் என்றே வைத்துக்கொண்டாலும் 12 மீட்டர்தான். குதித்து மேலே வந்தால் பத்துப் பன்னிரண்டு கை வீச்சில் சுவர். பிடிக்க ஒரு கல், ஏற ஒரு படி. அங்கே உட்கார்ந்து அரட்டை, அப்புறம் மறுபடியும் குதி. சின்ன வயதில் நாள் முழுக்க நீந்தினோம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் நாள் முழுக்கக் குதித்தோம், நடுநடுவே கொஞ்சம் நீந்தினோம். 25 மீட்டர் என்பது 82 அடி. அதை ஒரே மூச்சில் நீங்கள் அன்றைக்கும் நீந்தியிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். மேலே எவன் குதிக்கிறான் என்று பார்க்க வேண்டாமா! தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சாய்ந்துபோய்த் தண்ணீரை உழுதுகொண்டு போகும். அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் வேகமாக அடிக்கிறீர்கள். தண்ணீரில் அது செல்லாது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பதினோரு வருஷ இடைவெளிக்குப் பிறகு, பழைய நினைப்பில் படபடவென்று அடித்துக்கொண்டு போனேன். குளத்தின் நடுவில் போனபோது லைஃப் கார்டு பையன் மூங்கில் கம்பை நீட்டி, "ஆன்ட்டி, இதைப் பிடிச்சுக்குங்க" என்றான். மூச்சைவிட அந்த ஆன்ட்டிதான் வலித்தது.

உங்களுக்கு முதலில் வேண்டியது, மூச்சை வெளியே விடுவது. உள்ளே இழுப்பது தானாக நடக்கும். முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு முகம் தண்ணீரில் பட்டதுமே மூச்சை அடக்கும் பழக்கம் இருக்கும். அடக்கினால் கரியமில வாயு சேரும். மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். பிறகு தலையைத் தூக்கி அந்த ஒரு நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? ஆழமில்லாத பக்கம் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து "ம்ம்ம்" என்று முனகுங்கள். மூக்கிலிருந்து குமிழி வரும். முனகல் இருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள். இப்படி முப்பது தடவை. பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் கோச்சிடம், ஆழமில்லாத பக்கத்தில் குறுக்குவாக்கில் நீந்த இடம் கேளுங்கள். 25 மீட்டர் குளங்கள் பலவற்றில் அகலம் 12 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் கிணறு அளவு! ஒரு அகலம் மெதுவாக நீந்தி, நின்று, ஒரு முழு வாக்கியம் திக்காமல் பேச வரும்வரை ஓய்வெடுத்து, மறுபடி அடுத்தது. முதல் இரண்டு வாரம் எட்டு தடவை போதும், வாரத்துக்கு மூன்று நாள். அது சுலபமாகத் தெரியும்போது எண்ணிக்கையைக் கூட்டுங்கள், வேகத்தை அல்ல.

தோள்வலிக்கும் தூக்கிய தலைக்கும் சம்பந்தம் இருக்கலாம். தண்ணீரில் இறங்கும் கை, நெற்றிக்கு நேரே குறுக்கே போகிறதா என்று கோச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். தோளுக்கு நேராகத்தான் போக வேண்டும். நாலு நாள் கையை விட்டுக் காலை மட்டும் அடித்துப் பழகலாம். ஆனால் கொடியில் துணி போடக் கை தூக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போய்விடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் நாற்பது தாண்டிய பெண்களுக்கு, தோள் இறுகிப்போவது அதிகம்.

எடை விஷயத்தில் பொய் சொல்ல விரும்பவில்லை. குளிர்ந்த தண்ணீரில் இருந்து வந்தால் அகோரப் பசி எடுக்கும். குளத்து வாசல் பஜ்ஜி கடை அதை நம்பித்தான் நடக்கிறது. வீட்டிலிருந்தே ஒரு டப்பா சுண்டல் கொண்டுபோங்கள். சுகருக்கு மாத்திரை ஏதும் ஆரம்பித்தால் வெறும் வயிற்றில் நீந்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு குறையும் உண்டு: தண்ணீர் நம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. நீந்தாத நாட்களில் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள்.

முடிக்கு: குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை முழுசாக நனைத்துவிட்டுத் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். தேங்காயெண்ணெய் வீட்டுக்கு வந்த பிறகு. எண்ணெய்த் தலையோடு இறங்கினால் குளத்துக்காரர்கள் திட்டுவார்கள், நியாயமாகவே.