பேத்தி நீந்துகிறாள், காப்பு வங்கியில் கிடக்கிறது

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். இவர் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார், அரசாங்கம் பேர்மிற்றில் (அனுமதிப்பத்திரத்தில்) கொடுத்த காணி. நான் வீட்டில் தைக்கிறேன். மூத்தவள் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம், இரண்டாம் வருடம், வயது 22. கம்பஸ் அணிக்கு மார்பு நீச்சல் நீந்துகிறாள். சின்னனில் தகப்பனோடு வாய்க்காலில் பழகியவள், பிறகு கிளிநொச்சித் தடாகத்தில். போன வருடம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் 100 மீற்றரில் வெண்கலம் எடுத்தாள். ஒரு போட்டியும் விடாமல் வான் பிடித்து எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். 4 பவுண் நகை அடைவில் இருக்கிறது. இப்போது ஒருவர், அமெரிக்காவில் ஒரு கல்லூரி நீச்சல் அணியில் முழுப் புலமைப்பரிசிலோடு இடம் எடுத்துத் தருவதாக 12 இலட்சம் கேட்கிறார். முற்பணம் 3 இலட்சம். சுவிஸில் இருக்கும் தம்பி பாதியைத் தருவதாகச் சொல்கிறான். மிச்சத்துக்கு இருக்கிற நகையையும் வைக்கலாமா, இல்லை ஒரு ஏக்கரை விற்கலாமா? அம்மம்மா பேத்தியை, கடலை நீந்திக் கடந்த அந்த ஆழிக்குமரன் ஆனந்தன் என்றே கூப்பிடுகிறார். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிட்டால் மனது கேட்காது. போட்டி முடிவு, செலவுக் கொப்பி, அடைவுச் சீட்டு மூன்றின் படமும் அனுப்புகிறேன். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தங்கச்சி, அந்த 12 இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். 3 இலட்சம் முற்பணமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களோ என்ற பயத்தில் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், இன்னும் இல்லை என்றுதான் தெரிகிறது. நல்லது.

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணியில் இடத்தை யாரும் எடுத்துத் தர முடியாது. அணியின் பயிற்றுநர் பிள்ளையின் நேரத்தைப் பார்க்கிறார், படிப்பைப் பார்க்கிறார், தேவை என்றால் தானே எழுதுகிறார். தன் நேரங்களை அவருக்கு நேரடியாக அனுப்ப அணிகளின் இணையப் பக்கத்திலேயே படிவம் இருக்கும், அதற்குக் காசு இல்லை. அங்குள்ள கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் தகுதிக்காகப் பதிவதற்கு ஒரு கட்டணம் உண்டு, அதுவும் இருநூறு டொலருக்குள். 12 இலட்சம் எதற்கு என்று அந்த மனிதரிடம் கேட்டுப் பாருங்கள். "தொடர்பு" என்பார்.

"முழுப் புலமைப்பரிசில்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். என்சிஏஏயின் மேல்மட்டமான முதலாம் பிரிவில் ஒரு பெண்கள் நீச்சல் அணிக்கு நீண்ட காலம் 14 முழு உதவித்தொகைதான் எல்லை. பயிற்றுநர்கள் அதைத் துண்டு துண்டாக்கி இருபது, முப்பது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025 ஆனியில் ஒரு வழக்குத் தீர்வு வந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த எல்லை போய் 30 பேர் அணி என்று மாறியது. முப்பது பேருக்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற பெரிய பெயர்களிலும் கிடையாது. பாதி கிடைத்தால் மீதிப் பாதியை நீங்கள் கட்ட வேண்டும், அதுவும் டொலரில். விசாவுக்கு முன்பே முதல் வருடச் செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய விடமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். முதலாம் பிரிவில் ஒரு பிள்ளை ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம்தான் போட்டியிடலாம். அந்த ஐந்து வருடக் கணக்கு உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவியாகச் சேர்ந்தாலும் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அது முதலாம் வருடத்திலேயே தொடங்கிவிட்டது. இங்கே கம்பஸில் சேர்ந்த பிறகு அங்கே போக நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எப்போதும் பாதகம்தான்.

நேரத்தையும் பார்ப்போம். வெண்கலம் எடுத்தபோது 100 மீற்றர் ஒரு நிமிடம் 19 நொடி என்று உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் தெரிகிறது. இண்டியானா பல்கலைக்கழக அணியில் நீந்திய லில்லி கிங் 2017 இல் அதே தூரத்தில் உலக சாதனை வைத்தார், 1 நிமிடம் 4.13 நொடி. எல்லோரும் லில்லி கிங் ஆக வேண்டியதில்லை. ஆனால் நல்ல உதவித்தொகை வைத்திருக்கும் பயிற்றுநர் அந்த முனையிலிருந்துதான் ஆளைத் தேடிக்கொண்டு வருவார். 15 நொடியை 12 இலட்சத்தால் குறைக்க முடியாது.

அமெரிக்கா போக அவளுக்கு ஆசை என்றால் இங்கே பட்டத்தை நல்ல வகுப்பில் முடிக்கட்டும். விஞ்ஞானத்தில் மேற்படிப்புக்கு அங்கே பல்கலைக்கழகமே கற்பித்தல் வேலை கொடுத்து, கட்டணத்தையும் தள்ளிச் சம்பளமும் தரும் வழி இருக்கிறது. அதற்கு நீச்சல் நேரம் கேட்க மாட்டார்கள். அம்மம்மாவுக்கும் ஒன்று சொல்லுங்கள்: ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய் நீந்தியே திரும்பியவர், அவரிடம் சட்டத்தரணித் தொழிலும் இருந்தது.

காணி. உங்களுடையது பேர்மிற் காணி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. ஊரில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை விலைக்கு எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு காணியும் இல்லை, பேர்மிற்றுக்கும் ஆபத்து.

சரி, இனி நான் உண்மையில் பேச வந்த விடயம்.

நீங்கள் அனுப்பிய கொப்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் அளவுகளுக்கு நடுவில் செலவும் எழுதியிருக்கிறீர்கள். "வான் 65,000, சாப்பாடு, தங்கல் 15,000." போன வருடம் இப்படி ஐந்து தரம். அதாவது 4 இலட்சம். இன்னொரு பக்கத்தில் மகளுக்கு மாதம் 15,000. வருடத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். பிள்ளை நீந்துவதற்கு ஒரு மடங்கு, அவள் நீந்துவதைப் பார்ப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய்க்காலில் நீச்சல் பழக்கிய தகப்பன் தடாகத்தின் ஓரத்தில் நின்று அவளின் பெயரைச் சொல்லிக் கத்துவதற்கு என்ன விலை போடுவது? ஆனால் அந்தக் கொப்பியில் அடியில் ஒரு வரி இருக்கிறது: "பிள்ளை காசு காணும் என்கிறாள்." தங்கச்சி, தினமும் இரண்டு வேளை தடாகத்தில் இறங்கும் பிள்ளைக்கு விடுதிச் சாப்பாடு காணாது. வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை காணும் என்றுதான் சொல்லும். முட்டை, பால், பழம், இறைச்சி என்று ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறாள் என்று கேளுங்கள். மொத்தமாகக் கேட்காமல் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

வான் வருடத்தில் ஒரு தரம் போதும். அது பெரிய போட்டியாக இருக்கட்டும், அம்மம்மா, மற்றப் பிள்ளைகள், பக்கத்து வீடு எல்லோரும் போங்கள். மற்றவற்றுக்குத் தகப்பன் மட்டும், அல்லது நீங்கள் மட்டும், பஸ்ஸில் போய் வரலாம். மிச்சப் பேருக்கு அணியில் இருக்கும் ஒரு சிநேகிதியிடம் சொல்லி வட்ஸ்அப்பில் காட்டச் சொல்லுங்கள். 100 மீற்றர் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், டேட்டாவும் பெரிதாகப் போகாது. போன முறை வான் வவுனியாவில் நின்றதில் நீங்கள் போவதற்குள் ஆரம்பச் சுற்று முடிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீச்சல் உடைக்கும் ஒரு வார்த்தை. போட்டிக்கான இறுக்கமான உடை விலை கூடியது, பயிற்சியில் போட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதைப் பெரிய போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பயிற்சிக்குப் பொலியஸ்டர் துணி உடை வாங்குங்கள், குளோரினுக்கு நின்று பிடிக்கும்.

இப்போது நகை. 4 பவுணுக்கு முதலில் 5 இலட்சம் எடுத்தீர்கள். பவுண் விலை ஏறியதும் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து மேலே 1 இலட்சம் எடுத்தீர்கள். இப்போது 6 இலட்சம், உங்கள் அடைவுச் சீட்டின்படி வருட வட்டி 14 வீதம். 84,000. மாதக் கணக்கில் 7,000.

நான் வங்கியில் அடைவுப் பகுதியில் இருந்த காலத்தில் ஒரு சோடிக் காப்பைப் பதினொரு வருடம் பார்த்தேன். பவுண் விலை ஏறும் போதெல்லாம் அந்த அம்மா வருவார், வட்டியைக் கட்டுவார், மேலதிகமாக எடுப்பார். காப்பைத் தராசில் வைக்கும் போது ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். மகளுக்குக் கலியாணமும் முடிந்தது. காப்பு எங்களிடம்தான் கிடந்தது. விலை ஏறுவது நகை வைத்திருப்பவருக்கு இலாபம்தான், ஆனால் அடைவில் வைத்தவருக்கு அது இன்னொரு கடனுக்கான அழைப்பாகிவிடுகிறது. அடுத்த முறை கவுண்டரில் "இன்னும் எடுக்கலாம் அம்மா" என்றால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

தம்பியோடு பேசுங்கள். அவர் தருவதாகச் சொன்ன 6 இலட்சமும் உங்கள் அடைவுக் கடனும் ஒரே தொகை என்பதைக் கவனித்தீர்களா? மகளின் பெயரில் நிலையான வைப்பில் போடலாம் என்று அவர் சொல்லக்கூடும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். வைப்புக்கு 8 வீதம் கிடைத்தால் வருடம் 48,000. அதில் 10 வீத வரி கழிந்தால் 43,200. வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் படிவம் கொடுத்து அந்த வரியைத் தவிர்க்கலாம், தவிர்த்தாலும் 48,000தான். அதே நேரம் பக்கத்துக் கவுண்டரில் நீங்கள் 84,000 வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். நகையை மீட்டால் மாதம் 7,000 வீட்டில் நிற்கும். அதை அப்படியே மகளுக்கு அனுப்புங்கள், 15,000 என்பது 22,000 ஆகும். காசு தம்பியுடையது, படிப்புக்கென்று தருகிறார், ஆகவே நகையை மீட்கக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இந்தக் கணக்கையே அவருக்கு அனுப்புங்கள். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பாமல் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள், பின்னாளில் எந்த விசாவுக்கும் அந்தப் பதிவு உதவும்.

தம்பி முடியாது என்றால் கொஞ்சம் நாள் எடுக்கும். வானில் மிச்சமாகும் 3 இலட்சத்து 20 ஆயிரம், காலபோக அறுவடையில் 2 இலட்சம் என்று கட்டினால் அடுத்த வருட முடிவில் ஏறக்குறைய மீண்டுவிடலாம். பகுதி பகுதியாகக் கட்டினாலும் வட்டி அந்த அளவுக்குக் குறையும். நாலு பவுணும் ஒரே சீட்டில் இருக்கிறது, அதுதான் உங்களுக்குச் சிக்கல். இனிமேல் எப்போதாவது வைக்க நேர்ந்தால் காப்பு ஒரு சீட்டு, சங்கிலி ஒரு சீட்டு என்று வையுங்கள். ஒன்றையாவது கையில் எடுக்கலாம். சிறுபோகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தண்ணீரைப் பொறுத்து எத்தனை ஏக்கருக்கு என்று விவசாயிகள் கூட்டத்தில்தான் முடிவாகும். காலபோகத்திலும் 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்து வெள்ளம் வந்தபோது என்ன நடந்தது என்று இவருக்குச் சொல்லத் தேவையில்லை, ஒரு போகக் காசில் கால்வாசியைத் தொடாமல் வையுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்து குழுவாகக் கையெழுத்து வாங்கித் தருகிற நுண்கடன் பக்கம் போகவே வேண்டாம். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. எங்கள் பக்கம் அந்தக் கிழமைத் தவணைக்காரரைக் கண்டு பின்கதவால் போனவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் சீட்டில் கடைசித் திகதி பங்குனி 18 என்று இருக்கிறது. அறுவடைக் காசு கைக்கு வந்த கிழமையே போய்க் கட்டுங்கள், 17 ஆம் திகதி வரை வைத்திருக்க வேண்டாம். அந்த 12 இலட்சம் கேட்டவர் திரும்பத் தொலைபேசி எடுத்தால், எந்தக் கல்லூரி, பயிற்றுநரின் பெயர் என்ன, அவருக்கு மகளே எழுதலாமா என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.