கல்லூரியில் ஜர்னல் சந்தா எதுவும் இல்லை. டார்க் மேட்டர் பற்றிய ப்ராஜெக்ட்டுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எங்கே தேடுவது?

ரிப்போர்ட் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும், கைடு பார்க்கும்போதெல்லாம் "லிட்டரேச்சர் சர்வே என்னாச்சு" என்று கேட்கிறார், அப்படித்தானே? 2013ல் நான் இதே நிலையில் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தா இல்லை என்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. இயற்பியலுக்கு 1991லிருந்து ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளம் இருக்கிறது. டார்க் மேட்டரில், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளில், வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் எல்லோரும் தங்கள் கட்டுரையின் ஒரு பிரதியை அதில் போட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய காலத்து வானியல் கட்டுரைகள் வேண்டுமென்றால் நாசாவின் ஏ.டி.எஸ். (ADS) தளம், பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். துகள் இயற்பியல் பக்கம் போனால் இன்ஸ்பயர் (INSPIRE) தளம். மூன்றுக்கும் காசு கிடையாது. கிடைப்பது கஷ்டமே இல்லை, கிடைத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் நான் அடிபட்டேன்.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. படித்தேன். என் ரிப்போர்ட்டின் கடைசியில் 43 ரெஃபரன்ஸ் இருந்தது. முழுதாகப் படித்தது மூன்று. மீதி எல்லாம் ஒரு ரிவ்யூவின், அதாவது பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரையின், பின்பக்கத்திலிருந்து எடுத்து எழுதியது. நாற்பதைத் தாண்டினால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று துறையிலேயே சொன்னார்கள், எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் வயதானவர். ரிப்போர்ட்டை முன்னாலிருந்து பார்க்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூடி போட்ட பேனாவை முதல் வரியில் வைத்தார்.

"ஏம்மா, ஸ்விக்கி 1933. இதைப் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"எந்த மொழியில இருக்கு?"

இங்கிலீஷ் என்றேன். அது ஜெர்மன். ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் ஸ்விட்சர்லாந்து இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை. அவர் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, அடுத்ததைக் கேட்டார். "கோமா கேலக்ஸிக் கொத்துல கண்ணுக்குத் தெரியற பொருளைவிட 400 மடங்கு அடர்த்தி வேணும்னு ஸ்விக்கி சொன்னதா எழுதியிருக்கே. இப்ப யாரும் அவ்வளவு சொல்றதில்லையே, ஏன்?" என்னிடம் பதில் இல்லை. பேனா இன்னும் அந்த வரியிலேயே இருந்தது.

பதில் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. ஸ்விக்கியின் காலத்தில், பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலியை 558 என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள், இன்று அது 70க்குப் பக்கத்தில். அந்த ஒரு எண் மாறினாலே 400 என்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். போதாக்குறைக்கு அந்தக் கொத்தில் சூடான வாயு ஏராளமாக இருப்பதும் அப்போது தெரியாது, எக்ஸ் கதிர் தொலைநோக்கிகள் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் ஸ்விக்கி சொன்னதன் அடிப்படை நிற்கிறது: கோமாவின் கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது. படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

ஜெர்மன் தெரியாமல் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். ஹைன்ஸ் ஆண்டர்நாக் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2017ல் ஆர்க்கைவில் வந்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010லேயே திறந்தாகிவிட்டது. அவ்வளவு பெரிய நூலகம், ஏ.சி., உட்கார நல்ல இடம். ஆனால் பெண்கள் ஹாஸ்டலில் ஆறரை மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். லேப் முடிந்து நாலரைக்குக் கிளம்பி, பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். பையன்கள் ஒன்பது மணிக்கு வந்தாலும் வாட்ச்மேன் ஒரு கேள்வி கேட்கமாட்டார். "பாதுகாப்புக்காகத்தானே" என்று யாராவது சொல்வார்கள், எனக்கும் தெரியும். நூலகத்திலிருந்து திரும்பி வருகிற பெண்ணுக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டுமே தவிர, நூலகத்தையே அவளுக்கு இல்லாமல் செய்யக்கூடாது. இதை அன்று வார்டனிடம் சொல்ல தைரியம் வரவில்லை. நீங்கள் ஹாஸ்டல் பெண்ணாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரே ஒரு ரிவ்யூவை எடுங்கள். பெர்ட்டோனும் ஹூப்பரும் சேர்ந்து டார்க் மேட்டரின் வரலாற்றை எழுதி 2016ல் ஆர்க்கைவில் போட்டிருக்கிறார்கள், கதை மாதிரியே படிக்கலாம், கணக்கு குறைவு. படிக்கும்போதே உங்கள் தலைப்பைச் சுருக்குங்கள். "டார்க் மேட்டர்" என்று மட்டும் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், ரொட்டேஷன் கர்வ் (மையத்திலிருந்து விலக விலக கேலக்ஸி சுழலும் வேகம்), புல்லட் கொத்து (மோதிக்கொண்ட கேலக்ஸிக் கொத்துகள்), ஆக்ஸியான் (டார்க் மேட்டராக இருக்கலாம் என்று கருதப்படும் துகள்) என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். அப்புறம் ஏ.டி.எஸ்.ஸில் ஒரு நல்ல கட்டுரையைத் திறந்தால், அது யாரை மேற்கோள் காட்டியிருக்கிறது, பிறகு அதை யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று இரண்டு பட்டியல் வரும். பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. அதில் ஐந்தாறு கட்டுரை போதும், ஆனால் உட்கார்ந்து படியுங்கள்.

படித்தால் ஆச்சரியங்களும் கிடைக்கும். வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970ல் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் 67 இடங்களின் வேகத்தை அளந்து எழுதிய கட்டுரைதான் டார்க் மேட்டரை நிரூபித்தது என்று எங்கும் எழுதியிருக்கும். அந்தக் கட்டுரை அப்படி எதையும் அறிவிக்கவில்லை, அளந்ததை அளந்தபடி நிதானமாகச் சொல்கிறது. 21 கேலக்ஸிகளைச் சேர்த்து அழுத்தமாகச் சொன்னது 1980ல் வந்த கட்டுரை.

ரொட்டேஷன் கர்வ் என்றால் கட்டுரையோடு நிறுத்தாதீர்கள். ஸ்பார்க் (SPARC) என்ற பெயரில் 175 கேலக்ஸிகளின் தரவு இலவசமாக இருக்கிறது. அதில் என்.ஜி.சி. 3198 என்ற கேலக்ஸியை எடுத்து எக்ஸெல்லிலேயே வரையலாம். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்போம், அதுவோ நொடிக்கு 150 கி.மீ. பக்கத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். வைவா முடிந்த வாரம், பிரிண்ட் எடுத்த ஒரு படத்தில் ஸ்கேல் வைத்து எண்களைப் படித்து நான் கிராஃப் ஷீட்டில் இதை வரைந்தேன். கடைசிப் புள்ளிகள் கீழே இறங்காமல் நின்றதைப் பார்த்தபோதுதான் ஒரு வருடமாக எதைப் பற்றி எழுதினேன் என்றே புரிந்தது.

ஆர்க்கைவில் இருப்பது சரிபார்க்கப்படாதது, அதைச் சொல்லித்தராதே என்று யாராவது வரலாம். எந்த இதழில் வெளியானது என்பது ஏ.டி.எஸ்.ஸிலேயே இருக்கும், நடுவர் பார்த்த கட்டுரைகளை மட்டும் காட்டு என்று வடிகட்டவும் முடியும். அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் ஜர்னல்களுக்கான ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்கியிருக்கிறது, அரசு நடத்தும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு. நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்னுடையது போன்ற தனியார் கல்லூரிகளை முதல் கட்டத்தில் சேர்க்கவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஸ்விக்கியை ரெஃபரன்ஸில் போடுவதாக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். 400 எங்கிருந்து வந்தது என்று எக்ஸ்டர்னல் கேட்டால் 558ஐச் சொல்லுங்கள்.