வாசகர் கேள்வி – பதில்: எரிசக்தித் திட்டமும் நகரமைப்பும்

கே: நிகர பூஜ்ஜிய இலக்கை, அதாவது வெளியேறும் பசுங்குடில் வாயுக்களும் அகற்றப்படுபவையும் சமமாக வேண்டும் என்ற இலக்கை, அறிவிப்பவை நாடுகள், மின்னுற்பத்தியைத் தூய்மையாக்குவதும் அவற்றின் பொறுப்பே. அப்படியிருக்க, ஓர் ஊரின் நகரமைப்பு அலுவலகத்துக்கு இதில் என்ன வேலை?

ப: எரிசக்தி எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு தேவைப்படும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது நிலப் பயன்பாட்டு வரைபடந்தான். குடியிருப்பு எங்கே வரலாம், கட்டடம் எத்தனை மாடி எழலாம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும், அடுத்த கட்டடத்தின் நிழல் கூரைச் சூரியத் தகடுகளின் மேல் விழுமா என்பவையெல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் ஒரு கொதிகலனை இருபது ஆண்டுகளில் மாற்றிவிடலாம். தெருக்களின் அமைப்பு பல தலைமுறைகளுக்கு அப்படியே நிற்கும்.

ஒரு தெரு மின்மாற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி 200 வீடுகள் இருப்பதாகவும், எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் முழுச் சுமையை ஏற்றுவதில்லை என்பதால், உச்ச நேரத்தில் வீட்டுக்கு 2 கிலோவாட் என்று கணக்கிட்டு அது நிறுவப்பட்டதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 கிலோவாட். மின்காரை வீட்டில் சார்ஜ் செய்யும் கருவி ஒன்று மட்டுமே ஏறத்தாழ 7 கிலோவாட் எடுக்கும். மாலையில் 50 வீடுகளில் ஒருசேர கார்களைச் சார்ஜில் போட்டால் இன்னும் 350 கிலோவாட் கூடிவிடும். சார்ஜ் செய்வதை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தால் பழைய மின்மாற்றியே சமாளிக்கக்கூடும். முடியாதென்றால் புதியதை வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தை மனைப்பிரிவு வரைபடத்தில் முன்கூட்டியே ஒதுக்காமல், வீடுகள் கட்டி முடிந்த பிறகு தேடுவது வீண் செலவு.

கே: எரிசக்தித் திட்டமும் நிலத் திட்டமும் தனித்தனியே நடந்தால் உண்மையிலேயே பாதிப்பு வருமா?

ப: வந்திருக்கிறது. 2022இல் மேற்கு லண்டனின் ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் சில பெரிய வீட்டுத் திட்டங்களுக்குப் போதிய மின் இணைப்புக் கிடைக்க 2030களின் நடுப்பகுதிவரை காத்திருக்க நேரலாம் என்று கட்டுநர்களிடம் சொல்லப்பட்டது. அங்கே பெருகிவந்த தரவு மையங்கள் மின்கட்டமைப்பின் கொள்ளளவில் பெரும்பங்கை முன்பதிவு செய்துவிட்டதே முக்கியக் காரணம். வீடுகளை வரவேற்ற நிலத் திட்டமும், விண்ணப்பம் வந்த வரிசையில் இணைப்புக் கொடுத்த மின் விநியோகமும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படவில்லை. பின்னர் இடைக்கால ஏற்பாடுகளால் நெருக்கடி ஓரளவு தணிந்தது. ஆனால் எரிவாயுவை விட்டு மின்சாரத்துக்கு மாறும் ஒவ்வொரு நகரமும் இந்த மோதலை எதிர்கொள்ளும் என்பதே என் கணிப்பு.

கே: இரண்டையும் இணைத்துச் சாதித்த நாடு எது?

ப: டென்மார்க்கைத்தான் முதலில் சொல்வேன். 1973 எண்ணெய் நெருக்கடியில் தவித்த அந்நாடு 1979இல் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. வீடுகளைச் சூடாக்க எந்தப் பகுதியில் எவ்வளவு வெப்பம் தேவை, அருகே எந்த மின்நிலையத்தில் வெப்பம் வீணாகிறது என்று உள்ளாட்சிகள் கணக்கெடுத்தன. பிறகு, இந்தப் பகுதிக்குப் பொதுக் குழாய்வழி வெப்பம் (ஓரிடத்தில் சூடாக்கிய நீரைக் குழாய்களில் வீடுகளுக்கு அனுப்புவது), அந்தப் பகுதிக்கு இயற்கை எரிவாயு என்று வரைபடத்திலேயே எல்லை வகுத்தன. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் பொதுக் குழாய்வழியே வருகிறது. குழாய் ஊருக்குப் பொதுவாக இருப்பதால் எரிபொருளை ஓரிடத்தில் மாற்றினாலே போதும். எஸ்பியர் துறைமுக நகரில் நிலக்கரி நிலையத்துக்கு மாற்றாகக் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பெரிய வெப்ப பம்புகளை நிறுவ முடிந்தது அதனால்தான்.

ஜெர்மனியில் 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் 2026 ஜூன் இறுதிக்குள்ளும் மற்ற ஊர்கள் 2028 ஜூன் இறுதிக்குள்ளும் வெப்பத் திட்டம் வகுக்க வேண்டும் என்று கெடு விதித்தது. வேல்ஸில் 22 உள்ளாட்சிகளும் தத்தம் பகுதிக்கான எரிசக்தித் திட்டத்தைத் தயாரித்துள்ளன.

கே: குளிரூட்டலே பெரிய சுமையாக உள்ள ஊர்களுக்கும் இது பொருந்துமா?

ப: பொருந்தும். சிங்கப்பூரின் மரீனா விரிகுடாவில் குளிர்ந்த நீரை மையமாகத் தயாரித்து நிலத்தடிக் குழாய்களில் பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில்தான் இது கட்டுப்படியாகும். நெருக்கத்தை முடிவு செய்வது நகரமைப்பே.

கே: எங்கிருந்து தொடங்குவது?

ப: எரிசக்தித் திட்டத்தைத் தனி அறிக்கையாக அச்சிட்டு அடுக்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது சட்டப்படி செல்லுபடியாகும் நகர முழுமைத் திட்டத்தின் பகுதியாக வேண்டும். திட்ட அனுமதி தரும் அதிகாரி, அந்த இடத்தில் மின்கட்டமைப்பின் மிச்சக் கொள்ளளவு எவ்வளவு என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். மறுபுறம், எந்தப் பகுதியில் எந்த ஆண்டில் எத்தனை வீடுகள் எழும் என்ற விவரம் மின் விநியோக நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் போய்ச் சேர வேண்டும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. வளர்ந்து முதிர்ந்த நகரங்களில் 2050இல் நிற்கப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே எழுந்துவிட்டன. புதிய கட்டடங்களுக்கான அனுமதி அவற்றைத் தொடாது. அங்கே வீட்டுக்கு வீடு சென்று வெப்பக் கசிவை அடைப்பதும், குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டும்போதே மின்வடத்தையும் வெப்பக் குழாயையும் சேர்த்துப் பதிப்பதும் உள்ளாட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டிய பணிகள்.