தகரத் தொட்டியும் ஆலை ஊரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தில் போல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்குள்ள எண்பது வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் சின்ன வயசு போல்டனில்தான் போய் நிற்கிறார்கள். கொல்லைப்புறக் கக்கூஸ், கணப்படுப்பின் முன்னால் தகரத் தொட்டியில் குளியல், கரிப்புகை, ரேஷன் என்று எல்லாம் கஷ்டக் கதை. ஆனால் முடிக்கும்போது “அதெல்லாம் நல்ல காலம்” என்கிறார்கள். இது மனசு செய்யும் ஏமாற்று வேலைதானா? நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். தகரத் தொட்டி திரும்பி வர வேண்டுமென்று அவர்களில் ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள். ஊரே ஒன்றாக எழுந்து, ஒன்றாக உழைத்து, ஒன்றாக ஓய்ந்த வாழ்க்கை ஒன்று இருந்தது. அவர்களுடைய ஏக்கம் அதற்காகத்தான்.

போல்டன் பஞ்சாலை ஊர். சாமுவேல் கிராம்ப்டன் 1779-ல் மியூல் என்ற நூற்பு எந்திரத்தை உருவாக்கியது அங்கேதான். உங்கள் பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோதும் ஊருக்குக் கடிகாரம் ஆலைதான். விடிகாலையில் கல் பாவிய தெருவில், அடியில் இரும்பு அடித்த மரக்கட்டைச் செருப்புகள் ஒலிக்க ஆட்கள் வேலைக்குப் போவார்கள். தறிக்கூடத்தின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் போல்டன் இருந்த லங்காஷயர் வட்டாரத்துப் பெண்கள் வாயசைவை வைத்தே பேசப் பழகியிருந்தார்கள். வெளியே வந்த பிறகும் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சத்தமில்லாமல் ஊர்க்கதை போகும்.

‘வேக்ஸ்’ வாரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா? கோடையில் ஒரு வாரம் ஊரின் ஆலைகள் எல்லாம் ஒன்றாக மூடும். ஒவ்வொரு ஊருக்கும் வெவ்வேறு வாரம். ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனால் அங்கேயும் பக்கத்துத் தெருக்காரர்தான் எதிரில் வருவார். சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் 1938-ல்தான் வந்தது. அதற்கு முன் அது சம்பளமில்லாத வாரம். வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேமிப்பு கிளப்பில் கட்டிய பணத்தில்தான் அந்தக் கடலைப் பார்த்தார்கள். ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஒன்று கிடைத்தது. புகைபோக்கிகள் ஓய்ந்து வானம் வெளுத்தவுடன், மற்ற நாட்களில் மங்கிக் கிடக்கும் மூர்லண்ட் எனும் புதர்க்காட்டு மேடுகள் தெளிவாகத் தெரியும். தூய காற்றுச் சட்டம் 1956-ல் வரும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் தூரத்து மலை தெரிவதும்தான். இதை எப்படி ஏமாற்று என்பது?

ஆனால் இந்த நினைவுகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேசுகிறவர் அன்றைக்குச் சிறுவன். அவனைத் தொட்டியில் குளிப்பாட்ட வெந்நீர் சுமந்தவள் அம்மா. வாசற்படியைத் தேய்த்து விளிம்பில் கோடு போட டாங்கி ஸ்டோன் என்ற கல் உண்டு. பழைய துணியைப் போட்டால் வண்டிக்காரன் அந்தக் கல்லைக் கொடுப்பான். வாசலில் கோலம் இல்லாத வீட்டைப் பற்றி நம்மூரில் பேசுவதுபோலத்தான், தேய்க்காத படியைப் பற்றி அங்கே தெரு பேசும். ஆலையில் நின்றுவிட்டு வந்து அதற்கும் முழங்காலிட்டவள் அவள்தான். அதனால் உங்கள் இல்லத்தில் பாட்டிமார்களிடம் தனியாகக் கேளுங்கள். திங்கட்கிழமை துணி துவைத்த கதையைச் சொல்லும்போது “நல்ல காலம்” என்ற வார்த்தை வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில சமயம் இந்தப் பேச்சு “வெளியாட்கள் வராத காலம்” என்று திரும்பும். உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். அது வலிக்கும், அது நியாயமும் இல்லை. ஆலைகளை மூடியது வந்தேறிகள் அல்ல. 1950-களின் கடைசியிலேயே வெளிநாட்டுத் துணி உள்ளே குவியத் தொடங்கியது. பழைய எந்திரங்களை உடைத்துப்போட அரசே நஷ்டஈடு கொடுக்க 1959-ல் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் ஓடிய ஆலைகளில், உள்ளூர்க்காரர்கள் விரும்பாத ராத்திரி ஷிப்டில் நின்றவர்களில் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர். போல்டனின் கடைசி ஆலைக் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சண்டைக்குப் போகாமல் இதைச் சொல்லலாம்.

சரி, என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பதிலைவிடக் கேள்விதான் உதவும். 1937-ல் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக் குழு போல்டனுக்கு ‘வொர்க்டவுன்’ என்று பெயர் வைத்து அந்த ஊரின் அன்றாடத்தைப் பதிவு செய்தது. அதற்காக ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் எடுத்த புகைப்படங்கள் போல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தெருவில் விளையாடும் பிள்ளைகள், கொடியில் துணி, மதுக்கடை, பிளாக்பூல் எல்லாம் உண்டு. அது உங்கள் பெரியவர்களின் அப்பா அம்மா வாழ்ந்த போல்டன். படங்களை அவர்கள் கையில் கொடுங்கள். கடையில் என்ன விற்றார்கள், மிட்டாய்க்கு இருந்த ரேஷன் கட்டுப்பாடு 1953-ல் நீங்கியபோது முதலில் எதை வாங்கினீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

யாராவது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 1958 எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை எடுத்துவிடுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று போல்டன் ஜெயித்தது, இரண்டும் போல்டன் ஆட்டக்காரர் நாட் லாஃப்ட்ஹவுஸ் அடித்த கோல்கள். அன்று எங்கே இருந்தார்கள், யாரோடு பார்த்தார்கள் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.