ரேடியோவை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர், மாற்றலாமா?

கேள்வி: 450 சைஸ் ரிமோட் கன்ட்ரோல் ஹெலிகாப்டர் (ஹெலி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 3 செல் லைப்போ பேட்டரி, பிளேடுகளின் கோணத்தைத் திருப்பும் 4 டிஜிட்டல் சர்வோ. ஒரே இடத்தில் நிற்க வைக்கும் ஹோவரில் பிரச்சினை இல்லை. வேகமாகத் திருப்பினால் மட்டும் ஓரிரு வினாடி எந்த ஸ்டிக்குக்கும் கட்டுப்படாமல், அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது. தரையில் வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தால் மோட்டார் நிற்பதற்குப் பதிலாக வேகமெடுக்கிறது! ரேடியோ (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும்) போய்விட்டது, புது செட் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. அதைவிட முக்கியம், பிளேடு மாட்டியிருக்கும்போது இனி அந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். மெயின் பிளேடு, டெயில் பிளேடு எல்லாவற்றையும் கழற்றி, மோட்டாரையும் பல்சக்கரத்தில் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. கடைக்காரர் இரண்டையும் சேர்த்து ரேடியோ தலையில் கட்டுகிறார்.

முதல் கோளாறு பெரும்பாலும் கரண்ட் போதாமை. தூரத்தில் போனால் மட்டும் விட்டுப்போகிறது என்றால் ரேடியோவையோ ஆன்டெனாவையோ சந்தேகப்படலாம், ஆனால் பக்கத்திலேயே, அதுவும் வேகமாகத் திருப்பும்போது மட்டும் வருகிறது என்றால் 4 சர்வோவும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்க, ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து, அது அணைந்து மறுபடி எழுகிறது என்று அர்த்தம். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ஈஎஸ்சி பலவற்றில் உள்ளேயே இருக்கும் பிஇசி (பேட்டரி வோல்டேஜை ரிசீவருக்கும் சர்வோவுக்கும் ஏற்றபடி இறக்கித் தருவது) லீனியர் வகை. 11.1 வோல்ட்டை 5 ஆக இறக்கும்போது மிச்சம் முழுவதும் சூடாகத்தான் போகும்; 2 ஆம்பியர் இழுத்தாலே 12 வாட், அந்தச் சின்ன போர்டு எப்படித் தாங்கும்? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 5 வோல்ட் ஜம்மென்று காட்டும், அதை நம்பாதீர்கள், அவ்வளவு குறுகிய சரிவு அதில் தெரியாது. அதற்குப் பதில் எல்லா ஸ்டிக்கையும் சில நிமிடம் கண்டபடி ஆட்டிவிட்டு ரிசீவர் விளக்கைப் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் நிறுவன ரிசீவர் பலவற்றில் நடுவில் பவர் விட்டுப்போயிருந்தால் விளக்கு விட்டுவிட்டு மின்னும்.

வாங்க வேண்டியது தனியாக ஒரு ஸ்விட்சிங் பிஇசி (லீனியர் அளவுக்குச் சூடாகாத வகை), 5 ஆம்பியராவது தொடர்ந்து தருவதாக. மாட்டும்போது ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வோல்டேஜை 6க்கு ஏற்றும் ஆசை வரும், சில பழைய டெயில் சர்வோக்கள் அதைத் தாங்காது. ரிசீவரில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் செருகினால் போதும் என்பார்கள். சின்னச் சரிவைத் தாங்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது கோளாறு ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனதும் ரிசீவர் தானாகக் கொடுக்கும் கட்டளை. பல ரிசீவர்கள் பைண்ட் செய்யும் (டிரான்ஸ்மிட்டரோடு இணைக்கும்) நேரத்தில் மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் எங்கே இருந்ததோ அதையே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பைண்ட் செய்த பிறகு யாரோ த்ராட்டில் சேனலை ரிவர்ஸ் செய்திருந்தாலோ, ஸ்டிக் அடியில் இருந்தாலும் மோட்டாரை ஓடவைக்கும் ஐடில்-அப் சுவிட்ச் போட்ட நிலையில் பைண்ட் செய்திருந்தாலோ சிக்னல் போனதும் ஓடச் சொல்லும். பழைய உரிமையாளர் செய்த வேலையாக இருக்கலாம். நார்மல் மோடில், ஸ்டிக்கை அடிமட்டத்தில் வைத்து மறுபடி பைண்ட் செய்யுங்கள், காசு செலவே இல்லை. ஆனால் ஃபெயில்சேஃப் சரியாக இருந்தாலும் முதல் கோளாறுக்கு அது உதவாது. ரிசீவரே அணைந்துவிட்டால் அந்தக் கட்டளையைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

கேள்வி: வெளிநாட்டு ஆன்லைன் கடையில் ஃப்ரீஸ்கை நிறுவன ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்குமுன் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அமெரிக்க விதிப்படியான எஃப்சிசி பதிப்பா, ஐரோப்பிய விதிப்படியான எல்பிடி பதிப்பா. உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் ரிசீவர் இன்னொன்றுமாக இருந்தால் பைண்டே ஆகாது. இரண்டு, ஏசிசிஎஸ்டி (ஃப்ரீஸ்கையின் சிக்னல் முறை) பழைய பதிப்பா வி2வா. பின்னால் வந்த வி2, பழையதோடு பேசாது. மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கேபிளும் பொறுமையும் வேண்டும். பார்க் ஃப்ளையர் என்று போட்ட குறைந்த தூர ரிசீவரை மட்டும் கார்பன் ஃபைபர் ஃப்ரேம் ஹெலியில் போடாதீர்கள், கார்பன் சிக்னலை மறைக்கும். ஆன்டெனா முனையில் உறை இல்லாத சுமார் 31 மில்லிமீட்டர் ஃப்ரேமுக்கு வெளியே இருக்க வேண்டும், இரண்டு ஆன்டெனா என்றால் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில்.

கேள்வி: டெயில் பிளேடை பெல்ட் சுழற்றும் ஹெலி. வறண்ட நாளில் மட்டும் சர்வோக்கள் துடிக்கின்றன. சர்வோவை மாற்றவா?

பதில்: வேண்டாம், பெல்ட் உராய்வில் நிலைமின்சாரம் சேர்கிறது. டெயில் பூமிலிருந்து (வால் குழாயிலிருந்து) மோட்டாரின் உலோக மவுண்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் இழுங்கள், பூமில் பெயின்ட் இருந்தால் அந்த இடத்தில் சுரண்டிவிட்டு. பெல்ட்டுக்குக் கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரே. அதற்குப் பிறகும் துடித்தால் எழுதுங்கள்.