பிஸ்கட் வேகும் வரை ஒரு கதை

கேள்வி: கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறுவர் நூலகம் நடத்துகிறோம். ஒரு ஞாயிறு காலை குழந்தைகளுக்குக் கதை சொல்லி, அவர்கள் கையாலேயே பிஸ்கட்டும் செய்ய வைக்க விரும்புகிறோம். 4 முதல் 9 வயது வரை 20 பேர் வருவார்கள், பெற்றோரும் உடனிருப்பார்கள். இருப்பது 30 லிட்டர் ஓடிஜி (சிறிய மின்சார ஓவன்) ஒன்றுதான். எப்படித் திட்டமிடுவது?

பதில்: ஓடிஜியிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். அதன் தட்டில் ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு பிஸ்கட்டுகள்தான் தாராளமாக அடங்கும். எனவே ஆளுக்கு ஒன்று, இரண்டு ஈடு. ஆசைக்கு இன்னொன்று தர, முந்தின நாளே வீட்டில் கொஞ்சம் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெய் பிஸ்கட் போதும். முட்டை வேண்டாம் என்பதால் சைவ வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடலாம். 300 கிராம் மைதா, 150 கிராம் பொடித்த சர்க்கரை, உறைந்த நெய் சுமார் 200 கிராம், ஏலக்காய்ப் பொடி. இதில் 24 பிஸ்கட் வரும். நெய்யையும் சர்க்கரையையும் முன்பே குழைத்து எடுத்துப் போங்கள். பெரியவர்கள் மாவை அளந்து கொட்டட்டும், சின்னவர்கள் உருட்டித் தட்டட்டும். 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒவ்வொரு உருண்டைக்குப் பக்கத்திலும் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதுங்கள். "என்னுடையது எங்கே?" என்ற அழுகை அதோடு நின்றுவிடும்.

பச்சை மாவை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். பால், கோதுமை, கொட்டை வகைகள் எந்தக் குழந்தைக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று பெயர் பதியும்போதே பெற்றோரிடம் கேளுங்கள். முந்திரி வைப்பதை விட்டுவிட்டு முள்கரண்டியால் கோடு போடச் சொல்லுங்கள், அதுவே அழகு. ஓடிஜியைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். அதன் பக்கத்தில் ஒரு பெரியவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும், கண்ணாடிக் கதவும் சுடும்.

இனி கதை. நான் முதன்முதலில் நடத்தியபோது கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மாவைத் தொட்டேன். பிஸ்கட் வெந்த கால் மணி நேரமும் குழந்தைகள் கண்ணாடியை நெருக்கியடித்தபடி நின்றார்கள். அன்றிலிருந்து முதலில் மாவு, தட்டு உள்ளே போன பிறகே கதை.

அதற்கு 'அத்திரிபாச்சா' கதையை மிஞ்சிய கதை எனக்குத் தெரியவில்லை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், மறந்துவிடாமலிருக்க அதன் பெயரையே சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு பள்ளம். "அத்திரிபாச்சா!" என்று தாண்டியவனுக்குப் பழைய சொல் போய், புதிய சொல் ஒட்டிக்கொள்கிறது. மனைவியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்லிப் படுத்துகிறான். நீங்கள் கொழுக்கட்டைக்குப் பதில் நெய் பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் "நெய் பிஸ்கட், நெய் பிஸ்கட்" என்று கூடத்தைச் சுற்றி வரட்டும், தரையில் விரித்த நீலத் துண்டை "அத்திரிபாச்சா!" என்று தாண்டட்டும். நான்கு வயதுக்காரருக்கும் பங்கு இருக்கும், ஒன்பது வயதுக்காரருக்கும் சலிக்காது. கூச்சப்படும் அப்பாக்களையும் தாண்டச் சொல்லுங்கள்.

பழைய கதையில் அவன் மனைவியை அடிக்கிறான், வீக்கத்தைப் பார்த்துக் கொழுக்கட்டை நினைவுக்கு வருகிறது. அதைக் குழந்தைகளிடம் நான் சொல்வதில்லை. அடி இல்லாமலே அந்தச் சொல் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டாம் நிமிடத்தில் ஏலக்காயும் நெய்யும் கூடம் முழுக்க மணக்கும். அப்போது கதையை நிறுத்தி, "மூக்கை உறிஞ்சிப் பாருங்கள், அவன் மறந்தது என்ன?" என்று கேளுங்கள். இருபது குரலும் ஒன்றாக வரும்.

வெளியே எடுத்த நெய் பிஸ்கட் சூட்டில் உதிரும், பத்து நிமிடம் ஆற வேண்டும். இரண்டாம் ஈடு உள்ளே போகட்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் அம்மா அப்பாவுக்கு அதே கதையைத் தன் வாயால் சொல்லட்டும்.